ஒன்றேகால் நொடி

2003ஆம் வருஷக் கோடை. சங்கமித்ரா அன்றைக்கும் வழக்கம்போலப் பத்து மணிக்குத்தான் வந்து சேர்ந்தாள். வியாசர்பாடியிலிருந்து பஸ் பிடித்து, துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் புகுந்து, ராயபுரத்தில் ஒரு பழைய கிடங்கின் மரப்படியில் ஏறினால் மாடியில் கலீலுல்லா பாயின் ரெக்கார்டிங் ரூம். கீழே வெங்காய மூட்டை, மேலே பாட்டு. வெங்காய வாடை மாடி வரைக்கும் ஏறி வரும். மைக்குக்கு மூக்கு கிடையாது என்பதால் யாரும் அதைப் பெரிதுபடுத்தியதில்லை.

வந்ததும் அவள் செய்கிற முதல் வேலை ஒன்று உண்டு. கம்ப்யூட்டரைப் போட்டு, மைக்கைத் திறந்து, தன் பெயரைத் தானே சொல்லிப் பார்ப்பாள். மற்றவர்கள் ஹலோ, ஒன் டூ த்ரீ என்பார்கள். இவளுக்கு அது பிடிக்காது. "சங்கமித்ரா" என்றதும் திரையில் தட்டையாக ஓடுகிற பச்சைக் கோடு நான்கு இடத்தில் மேடு தட்டும். இரண்டாவது மேடு சின்னது, மூன்றாவது குத்தலாக நிற்கும், நான்காவது வால் நீண்டு அடங்கும். மைக் சரி, லைன் சரி என்று அர்த்தம். நாலு வருஷமாக இந்தக் கோட்டையே பார்த்துப் பார்த்து, ஒலியைக் கேட்காமல் மேட்டை மட்டும் வைத்தே இது இன்ன சொல் என்று சொல்கிற அளவுக்கு அவள் கண் பழகியிருந்தது. பாய் வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிப் பெருமையடிப்பார்.

அன்றைக்கு மைக்கை அணைத்துவிட்டுத் திரும்பியவள் திரையின் ஓரத்தில் ஒரு ஃபைலைப் பார்த்தாள். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் தன் கையாலேயே அவள் அழித்துப்போட்ட ஃபைல் அது.

அதன் கதையைச் சொல்லிவிட வேண்டும். வடசென்னையில் சாவு வீட்டில் கானா பாடுவது ஊரறிந்த சங்கதி. செத்தவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாடுவார்கள். கல்மனசுக்காரனும் உட்கார்ந்து அழுதுவிடுவான். காசிமேட்டு அய்யாத்துரை அதில் பெரிய கை. பதினாறாம் நாள் காரியத்துக்கு ஸ்பீக்கரில் போட அவர் பாட்டு சிடியாக வேண்டும் என்று ஆட்கள் படியேறி வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு சாவுக்கும் அவரைக் கூட்டிவந்து பாடவைக்க முடியுமா? சங்கமித்ராதான் யோசனை சொன்னாள். பாட்டு ஒன்றே இருக்கட்டும், பெயரை மட்டும் மாற்றி ஒட்டிக்கொள்ளலாம்.

அதற்கு வாகாக ஒரு பாட்டு கையில் இருந்தது. எண்ணூர் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து, உடம்புகூடக் கிடைக்காமல் போன ஒரு மீனவருக்காக அய்யாத்துரை பாடிக் கொடுத்தது. "வெளிய போன மவராசா, வெளக்கு வச்சாச்சு வூட்டுல" என்று இழுத்து நிறுத்துவார். தாளமெல்லாம் ஓய்ந்த இடத்தில் ஒரே ஒரு தரம் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அந்தக் கூப்பாட்டின் நீளம் ஒன்றேகால் நொடி. சங்கமித்ரா கர்சரை இழுத்து அந்த ஒன்றேகால் நொடியைப் பிடித்தாள், அழித்து மௌனமாக்கினாள், பழைய ஃபைலின் மேலேயே சேவ் போட்டாள். வேறு காப்பி வைக்கவில்லை. அப்புறம் அய்யாத்துரை ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து தேவராஜ், சிங்காரம், ரகு, ராமதாஸ் என்று அறுபத்து மூன்று பெயர்களைத் தனித்தனியாகப் பாடிக் கொடுத்தார். அந்தத் தொகுப்புக்கு அவள் வைத்த பெயர் "பேர் வங்கி". சாவு எந்த வீட்டிலானாலும் வங்கியிலிருந்து ஒரு பெயரைக் காப்பி எடுத்துக் காலி இடத்தில் ஒட்டினால் பத்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும்.

அன்றைக்குக் கிளம்பும்போது அய்யாத்துரை வாசற்படியில் நின்று ஒன்று சொன்னார்.

"கண்ணு, பேர எடுத்த எடத்த வெத்தா வுடாத. வேல இல்லாதப்ப அந்தாளு பேரையே போட்டு மூடி வெய்யி. பேர சொல்லிக் கூப்ட்டாத்தான் செத்தவனுக்கே தான் செத்தது தெரியும்."

சங்கமித்ரா சிரித்துக்கொண்டாள். பேய் பிசாசையெல்லாம் தெருமுனையோடு நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லி வளர்த்த அப்பாவின் மகள் அவள். காலி இடம் காலியாகவே கிடந்தது.

ரெண்டு மாசத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை ஃபைலைத் திறந்தபோது காலி இடத்தில் மேடு தெரிந்தது. ஓட்டிப் பார்த்தாள். அய்யாத்துரையின் குரல் ராமதாஸ் என்று கூப்பிட்டது. தௌசீஃப் வேலையாக இருக்கும் என்று நினைத்தாள். தௌசீஃப் சாயங்கால ஷிஃப்ட் பார்க்கிற ரெக்கார்டிஸ்ட், பாயின் தங்கை மகன். ஏதாவது ஆர்டர் வாங்கி, ஒட்டிவிட்டு, நோட்டில் எழுத மறந்திருப்பான். அவள் அழித்துவிட்டு வேறு வேலையைப் பார்த்தாள். அன்றைக்குத் தொழிற்சாலைகளின் மூன்று மணி ஷிஃப்ட் சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்தில், கீழே டீக்கடை ராமதாஸ் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். சாயங்காலம் அவர் மச்சான் சிடி கேட்டுப் படியேறி வந்தார்.

தௌசீஃபைக் கூப்பிட்டுக் கேட்டாள். இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தான். அவள் நம்பவில்லை. கொஞ்ச நாளில் அவனும் அவளையே சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தான். ஒரே மேஜையில் சாப்பிட்டவர்கள் ஆளுக்கொரு மூலையில் டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று அவள் அந்த ஃபைல் இருந்த ஃபோல்டருக்கு மட்டும் பாஸ்வேர்டு போட்டாள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் மறுபடியும் மேடு. இந்த முறை தௌசீஃபைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு ஓட்டினாள். அய்யாத்துரை தன் பெயரையே கூப்பிட்டார். இரண்டு பேரும் வங்கியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் தேடினார்கள். அய்யாத்துரை என்ற பெயர் அதில் கிடையாது. அந்த மனிதர் தன் பெயரைத் தானே பாடிக் கொடுக்கவில்லை. அன்றைக்கு மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் மூன்று மணிச் சங்கு ஊதியும் எழுந்திருக்கவில்லை என்று சாயங்காலம் காசிமேட்டிலிருந்து தகவல் வந்தது. சங்கமித்ரா ஃபைலை மொத்தமாக அழித்தாள். குப்பைக்கூடையிலிருந்தும் அழித்தாள்.

அந்த ஃபைல்தான் இப்போது திரையில் உட்கார்ந்திருந்தது.

திறந்தாள். காலி இடத்தில் இரண்டு மேடு. முதல் மேடு மெலிசாக நீண்டிருந்தது, இரண்டாவது அகலமாக விரிந்து அடங்கியது. ஓட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. வீட்டில் தினமும் இருபது தடவை அவள் வாயில் வருகிற பெயர்.

தீனா.

அவள் தம்பி. எர்ணாவூரில் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்டர் கீழே வெல்டிங் வேலை. அந்த வாரம் முழுக்க ஒரு பெரிய எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கி வேலை பார்ப்பதாகக் காலையில் இட்லி தின்றுகொண்டே சொல்லிவிட்டுப் போனவன்.

பெயரைப் பிடித்து அழித்தாள். கோடு தட்டையானது. மூச்சை விட்டாள்.

கோடு மெல்ல எழும்பியது. முதலில் மெலிசு மேடு, பிறகு அகல மேடு.

மறுபடி அழித்தாள். மறுபடி வந்தது.

மூன்றாம் தரம் அவள் கை மவுஸில் இல்லை. மேடு தானாகவே அழிந்து, அவள் கண் முன்னாலேயே திரும்ப வந்தது.

பழைய பெயரையே போட்டு மூடச் சொன்னாரே அய்யாத்துரை என்று அப்போதுதான் உறைத்தது. சரி, என்ன பெயர்? நூறு தடவை கேட்ட பாட்டு. ஜூம் செய்து, ஓரம் பார்த்து, அவளே வெட்டிய பெயர். வாய் வரைக்கும் வரவில்லை. ஒன்றேகால் நொடி என்பது நினைவிருந்தது. மூன்று மேடு என்பதும் நினைவிருந்தது. ஒரு மனுஷனின் பெயர் மட்டும் நினைவில்லை. ஆர்டர் நோட்டைப் புரட்டினாள். அதிலும் செத்தவர் பெயர் இல்லை, கேட்டு வந்தவர் பெயர்தான் இருந்தது. புஷ்பவல்லி, நெட்டுக்குப்பம், கணவருக்காக, கேசட் ஒன்று.

தௌசீஃபுக்குப் போன் போட்டாள். அவன் ஒரு வார்த்தையும் எதிர்க்கேள்வி கேட்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு வந்தான். நேராக எர்ணாவூர் தொழிற்சாலை வாசல். உள்ளே விட மாட்டேன் என்றான் வாட்ச்மேன். கெஞ்சிக் கூத்தாடியதில் ஆள் அனுப்பித் தகவல் சொன்னான். சாயங்காலம் வீட்டுக்குத்தானே வருவேன், பாதி வேலையில் வந்தால் கான்ட்ராக்டர் சீட்டைக் கிழித்துவிடுவார், அக்காவை வெயிலில் நிற்காமல் போகச் சொல் என்று தீனா சொல்லியனுப்பினானாம். மணி பன்னிரண்டாகப் போகிறது. மூன்று மணிச் சங்குக்கு இன்னும் மூன்று மணி நேரம். தௌசீஃப் வாசலிலேயே நிற்பதென்று முடிவு செய்தார்கள். அவள் ஷேர் ஆட்டோவில் நெட்டுக்குப்பத்துக்குக் கிளம்பினாள்.

நெட்டுக்குப்பத்தில் காற்று உப்பும் சாம்பலுமாக அடித்தது. கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். தண்ணீர் சாம்பல் கரைந்து வெளுத்துக் கிடந்தது. புஷ்பவல்லியின் வீடு வரிசையில் கடைசி. நாற்பது வயது இருக்கும், மெலிந்த, நிமிர்ந்த பெண். நெற்றியில் பொட்டு இருந்தது. ரெக்கார்டிங் ரூமிலிருந்து வருகிறேன் என்றதும் முகம் இறுகிவிட்டது.

"பாட்டுதான் முட்ச்சி குட்த்துட்டீங்களே. இப்ப இன்னாத்துக்கு வந்த?"

சங்கமித்ரா வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ராமதாஸை, அய்யாத்துரையை, இன்றைக்குத் தன் தம்பியை. சொல்லச் சொல்ல அவள் கண் வீட்டுக்குள் போனது. சுவரோரம் இரண்டு தட்டு மூடி வைத்திருந்தது. கொடியில் ஓர் ஆண் லுங்கி தொங்கியது. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தரையில் விழுந்த தண்ணீர் சாம்பல் நிறம்.

அந்த வீட்டில் ஆண் யாரும் இல்லை.

புஷ்பவல்லி கேசட்டைத் தந்தாள். அங்கேயே இருந்த டேப்பில் போட்டுக் கேட்டார்கள். வெளக்கு வச்சாச்சு வூட்டுல என்று அய்யாத்துரை இழுத்து நிறுத்தினார். டக் என்று ஒரு சத்தம். வெறும் இரைச்சல். மறுபடி டக். தாளம் எழுந்து பாட்டு ஓடியது. பெயர் இல்லை. அந்த டக் என்ன சத்தம் என்று சங்கமித்ராவுக்குத் தெரியாதா? ரெக்கார்டு பட்டனை அமுக்கி எடுத்த சத்தம்.

"நான்தான் அழ்ச்சேன்" என்றாள் புஷ்பவல்லி. குரல் தாழ்ந்திருந்தது. "பாட்டு வேணான்னுதான் சொன்னேன். சொந்தக்காரங்கதான் கேக்கல. பேர சொல்லிக் கூப்ட்டா அவருக்குத் தெரிஞ்சிபூடும். தெரியாத வரைக்கும் வூட்டுக்கு வந்துகினு இருப்பாரு. சங்கு ஊதுனதும் வருவாரு. குந்துவாரு. போவாரு. எனக்கு அது போதும்."

அங்கே இவள் அழித்திருக்கிறாள், இங்கே அவள் அழித்திருக்கிறாள். அந்த மனுஷனுக்குப் பெயரே இல்லாமல் போய்விட்டது.

ஊரார் பெயரை அவர் எடுத்துக்கொண்டு போவது புஷ்பவல்லிக்குத் தெரிந்திருக்கவில்லை. பேரில்லாமல் எத்தனை நாள்தான் நிற்பார் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அவர் பெயர் என்ன என்று சங்கமித்ரா கேட்டதற்குத் தலையை ஆட்டினாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் ஒரு நாளும் புருஷன் பெயரை வாயால் சொன்னதில்லையாம், சொல்கிற வழக்கமும் இல்லையாம். ரேஷன் கார்டு எங்கே என்றதற்கு உள்ளே போனாள். வெயிலில் வந்த பெண்ணாயிற்றே என்று ஒரு சொம்புத் தண்ணீர் மட்டும் கொண்டுவந்து நீட்டினாள்.

நீட்டியபோது முந்தானை விலகியது. முன்கையில் பச்சை குத்தியிருந்தது. பழைய பச்சை, ஓரம் கலங்கியிருந்தாலும் எழுத்து தெளிவாகத் தெரிந்தது.

தேசிங்கு.

புஷ்பவல்லி கையை இழுத்துக்கொண்டாள்.

"பட்ச்சிட்டியா?"

சங்கமித்ரா தலையாட்டினாள்.

"போடாத பாப்பா. ஒனக்கு ஒரு தம்பி கீறான். எனக்கும் ஒரே ஆளுதான்."

சங்கமித்ராவுக்கு அழுகை முட்டியது. அவள் மேல் கோபப்படக்கூட முடியவில்லை. ஆனால் கண்ணை மூடினால் தொட்டிக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிற தீனாதான் தெரிந்தான். சொம்பைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். கொடியிலிருந்து சொட்டுகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கூடவே வந்தது.

ராயபுரம் வந்து சேரும்போது இரண்டே முக்கால். பாய் அன்றைக்கு வரவில்லை. மாடியில் யாருமில்லை. மரப்படி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் ஈரம் இருந்தது. வெங்காய வாடைக்கு நடுவில் சேற்று வாடை.

அவள் உட்கார்ந்தாள். தேசிங்கு என்று பாடிய குரல் எங்கேயும் இல்லை, பாடியவரும் இல்லை. வங்கிதான் இருக்கிறது. தேவராஜில் தே இருக்கிறது. சிங்காரத்தில் சிங் இருக்கிறது. ரகுவில் கு இருக்கிறது. மூன்றையும் எடுத்து ஒட்டினால் பெயர்.

தேவராஜை ஜூம் செய்தாள். தே முடிந்து வ தொடங்குகிற இடத்தில் கோடு ஒரு நூலளவு நடுவே இறங்கும். அங்கேதான் வெட்ட வேண்டும், தவறினால் டிக்கென்று கேட்கும். பிடித்தாள், எடுத்தாள், ஒட்டினாள். அடுத்து சிங்காரம். கை நடுங்கியது. கர்சர் நகர்ந்துவிட்டது. திரும்பப் பிடித்தாள்.

சங்கு ஊதியது.

மூன்று மணி. சங்கு ஓய்ந்ததும் மொத்த ராயபுரமும் அமைதியாகிவிட்டது போலிருந்தது. லாரிச் சத்தம்கூட இல்லை.

பின்னால் மரப்படி ஒன்று முனகியது.

அவள் திரும்பவில்லை. சிங் துண்டை எடுத்து தே துண்டுக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

இன்னொரு படி.

காலி இடத்தில் தீனாவின் இரண்டு மேடும் மெல்லத் துடித்துக்கொண்டிருந்தன. ஸ்பீக்கரை அணைத்துத்தான் வைத்திருந்தாள். ஆனாலும் தீ என்று யாரோ மூச்சு பிடிக்கிற சத்தம் கேட்டது.

கதவுக்கு வெளியே சொட்டுகிற சத்தம்.

ரகு. கடைசி எழுத்தைப் பிடித்தாள், எடுத்தாள், ஒட்டினாள். ஒட்டுத் தெரியாமல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்று மெல்லத் தேய்த்தாள். தீனாவின் மேல் அதைக் கொண்டுபோய்ப் போட்டாள். எல்லாவற்றையும் சேவ் செய்யவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆம் என்று அடித்தாள். நீலப் பட்டை ஊர்ந்தது. சேற்று வாடை இப்போது நாற்காலிக்குப் பின்னாலேயே இருந்தது. கழுத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

ஸ்பீக்கரைத் திருகிவிட்டு ஓட்டினாள்.

"வெளிய போன மவராசா, வெளக்கு வச்சாச்சு வூட்டுல…"

தேசிங்கு.

சரியாக ஒன்றேகால் நொடி. பின்னால் யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள். ரொம்ப நேரமாகத் தேடிக்கொண்டிருந்தது கிடைத்தவன் விடுகிற மூச்சு. பிறகு லாரிச் சத்தம் திரும்ப வந்தது. கடிகாரத்தில் மூன்று பத்து. வெங்காய வாடை மட்டும்தான் மிச்சம்.

மூன்றரைக்குத் தௌசீஃப் ஒரு பெட்டிக்கடையிலிருந்து போன் செய்தான். தீனா அவன் பக்கத்திலேயே நின்றான். தொட்டிக்கு மேலேயிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது மாதிரி இருந்ததாம். என்னவென்று பார்க்க ஏணியில் ஏறி வெளியே வந்திருக்கிறான். மேலே யாருமில்லை. அந்த நேரம் பார்த்து உள்ளே ஓர் இரும்புத் தகடு பெயர்ந்து, அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் விழுந்திருக்கிறது. சங்கமித்ரா போனைக் கையில் வைத்துக்கொண்டே விசும்பி விசும்பி அழுதாள். ஏன் அழுகிறாள் என்று தீனாவுக்குப் புரியவில்லை, சிரித்தான்.

மறுநாள் அவள் நிம்மதியாக வந்தாள். அதிசயமாக மைக்கில் பெயர் சொல்லிப் பார்க்கக்கூட மறந்துபோய், தௌசீஃபோடு ஒரே மேஜையில் டீ குடித்தாள். பதினோரு மணிக்கு மரப்படியில் காலடிச் சத்தம். தூக்கிவாரிப் போட்டது. வந்தது புஷ்பவல்லி. நெற்றியில் பொட்டு இல்லை.

கேசட்டை மேஜைமேல் வைத்தாள். இனிமேல் அது தனக்கு எதற்கு என்றாள்.

"நேத்து அவரு வர்ல. லுங்கி காஞ்சி பூட்ச்சி."

சங்கமித்ரா எழுந்து நின்றாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். புஷ்பவல்லி வேண்டாம் என்று கையைக் காட்டினாள். ஒரு தடவையாவது தானே வாய் திறந்து கூப்பிட்டு அனுப்பியிருக்கலாம் என்று சொல்லும்போது மட்டும் அவள் குரல் உடைந்தது. தம்பி நன்றாக இருக்கிறானா என்று விசாரித்தாள். இருக்கிறான் என்றதும் தலையசைத்தாள். படி இறங்கப் போனவள், ஏதோ ஞாபகம் வந்தவளாகத் திரும்பினாள். பாடகர்தான் செத்துவிட்டாரே, அவர் குரலில் அந்தப் பெயர் எங்கேயிருந்து கிடைத்தது என்று கேட்டாள். சங்கமித்ரா சொன்னாள். மூன்று பெயரிலிருந்து ஒவ்வொரு துண்டு.

புஷ்பவல்லி அவளையே பார்த்தாள்.

"எட்த்த எடத்துல இன்னா வெச்ச?"

காப்பிதான் எடுத்தேன், வங்கி அப்படியே இருக்கும் என்று சொல்ல வந்தவள் பாதியில் நிறுத்தினாள். காப்பிக்கு சி. வெட்டுக்கு எக்ஸ். கீபோர்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து விசை. நேற்று கை நடுங்கிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் சேவ் செய்யவா என்று கேட்டபோது, வங்கியையும் சேர்த்துத்தான் ஆம் என்று அடித்திருந்தாள்.

உட்கார்ந்து வங்கியைத் திறந்தாள். அறுபத்து மூன்று பெயர்களும் வரிசையாக விரிந்தன. தேவராஜ் இருந்த இடத்தில் வராஜ் மட்டும் நின்றது. சிங்காரத்தில் காரம் மட்டும். ரகுவில் ர மட்டும். வெட்டிய இடம் ஒவ்வொன்றும் பக்கத்து மௌனத்தோடு சேர்ந்து நீளக் காலியாகக் கிடக்க வேண்டும்.

இரண்டு இடம் அப்படித்தான் தட்டையாகக் கிடந்தன.

முதல் இடத்தில் கோடு தட்டையாக இல்லை.

தினமும் காலையில் மைக்கைத் திறந்ததும் அவள் பார்க்கிற நான்கு மேடு. இரண்டாவது சின்னது, மூன்றாவது குத்தலாக நின்றது, நான்காவது வால் நீண்டு அடங்கியது.

"இன்னா பேரு கீது?" என்று மெல்லக் கேட்டாள் புஷ்பவல்லி.

சங்கமித்ரா ஓட்டிப் பார்க்கவில்லை. மூன்று மணிச் சங்குக்கு இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. நாற்காலிக்குப் பின்னால், மரத்தரையில், ஒரு சொட்டுத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.